லொம்போக் கடற்கரை நிலம்: பினாமிப் பத்திரத்தில் பணம் போடாதீர்கள்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில், தெற்குக் கரையோரக் கிராமங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது பெரிய தொழிலாகிவிட்டது. 2011இல் பிராயாவில் விமான நிலையம் வந்தது. 2021இல் மண்டாலிகா பந்தயத் தடம் திறந்தது. இப்போது குத்தா, கெருப்புக், செலோங் பெலானாக் பக்கம் போனால் நிலத்தைக் காட்டப் புரோக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. நேர்மையாக விற்கும் குடும்பங்களும் நிறைய உண்டு. ஆனால் ஒரே மாதிரி ஏமாற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. பணத்தை இழந்தவர்கள் கையில் மிஞ்சும் காகிதக் கட்டும் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 'ஹாக் மிலிக்' எனப்படும் முழு உரிமையைத் தனிமனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்க முடியும். நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதை வெளிநாட்டவருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை 26ஆம் பிரிவு சொல்கிறது: அந்த மாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், விற்றவரிடம் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. இந்தக் கடைசி வரியைப் புரோக்கர் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பினாமியாக வாங்கிவிட்டு, நாளைக்கு வழக்குப் போட்டு "நிலம் உண்மையில் என்னுடையது" என்று நிரூபிக்கப் போனால், அது சட்டத்துக்கு எதிராகக் கைமாறியதற்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

இந்தப் பினாமி ஏற்பாட்டுக்குப் "பாதுகாப்பு" என்று சொல்லி நாலைந்து பத்திரங்களைக் கட்டாகக் கொடுப்பார்கள். கிரயம் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் நடக்கும். நிலத்தின் விலை அளவுக்கு அவர் உங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு கடன் பத்திரம். எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று உங்களுக்கு ஒரு பவர். நீண்டகாலக் குத்தகை ஒன்று. நிலம் தன்னுடையதல்ல என்று அவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஒன்று. நோட்டரி முத்திரையோடு பார்க்கும்போது பலமாகத்தான் தெரியும். அந்தக் கட்டு எங்கெங்கே அவிழ்கிறது என்று பாருங்கள்.

பவர் கொடுத்தவர் இறந்தால் இந்தோனேசியச் சிவில் சட்டப்படி பவரும் முடிந்துவிடும்; நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ரத்து செய்ய முடியாத பவரை வைத்து நிலத்தைக் கைமாற்றுவது 1982 முதலே தடை. அசல் சான்றிதழ் உங்கள் பெட்டியில் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். சான்றிதழில் பெயர் உள்ளவர் அது தொலைந்துவிட்டதென்று போலீஸில் புகார் கொடுத்து, நில அலுவலகத்தில் சத்தியவாக்குமூலம் தந்து, 30 நாள் அறிவிப்புக் காலத்தில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அதைப் பேங்கில் அடகும் வைக்கலாம். அந்த அறிவிப்பு உங்கள் கண்ணில் படப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன், பவர், குத்தகை, வாக்குமூலம் எல்லாம் ஒரே தேதியில், ஒரே நோட்டரி முன்னால் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கட்டே பினாமி ஏற்பாட்டுக்கு அத்தாட்சியாகிவிடும்.

அடுத்தது கிராமக் காகிதம். சான்றிதழ் இல்லாத நிலத்துக்கு 'கிரிக்' என்ற பழைய வரிப் பதிவையோ, ஊர்த் தலைவர் கையெழுத்துப் போட்ட நிலக் கடிதத்தையோ, ஆண்டு நிலவரிச் சீட்டையோ காட்டுவார்கள். வரிச்சீட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள்: இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 2021இல் வந்த 18ஆம் எண் அரசாணை, பழைய மரபுவழிக் காகிதங்களைப் பதிவு செய்ய ஐந்து ஆண்டு கெடு வைத்தது. அது 2026 பிப்ரவரி 2இல் முடிந்தது. இனிமேல் கிரிக் வெறும் தகவல் குறிப்பு மட்டும்தான். ஊர்த் தலைவரின் முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜாவாவின் தங்கராங் மாவட்டத்திலுள்ள கோஹோட் கடலோரக் கிராமமே போதும். 2025 தொடக்கத்தில் அங்கே கடல்மேலேயே 263 கட்டட உரிமைச் சான்றிதழ்களும் 17 ஹாக் மிலிக் சான்றிதழ்களும் கொடுக்கப்பட்டிருந்தது வெளியானது. அமைச்சகம் ரத்து செய்யத் தொடங்கியது. காகிதப் போர்ஜரி வழக்கில் ஊர்த் தலைவரே குற்றம் சாட்டப்பட்டார்.

சான்றிதழ் இருந்தாலும் அது எந்த நிலத்துக்கு என்று பார்க்க வேண்டும். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் நிலம் வரைபடத்தில் ஏற்றப்படாமலே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைக் காட்டி, பக்கத்து மேட்டை உங்களுடையது என்று சொல்லிவிடலாம். அரசின் 'பூமி' இணைய வரைபடத்தில் தேடுங்கள்; பிறகு நில அலுவலகத்தில் மறு அளவை கேளுங்கள். அளவையின்போது பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து எல்லைக் கல்லை ஒப்புக்கொள்ள வேண்டும். விலை பேசுவது ஏர்ஸ் கணக்கில்: ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், நம்மூர்க் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தொகை பெரும்பாலும் ஒரு ஏர்ஸுக்கு; மொத்த நிலத்துக்கு அல்ல.

கடலை ஒட்டிய நிலம் என்றால் 100 மீட்டர் விதியை மறக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 51ஆம் எண் அதிபர் ஆணைப்படி, கரையோரக் காப்புப் பட்டை அலை அதிகபட்சமாக ஏறும் இடத்திலிருந்து நிலப்பக்கமாகக் குறைந்தது 100 மீட்டர். வற்றிய நேரத்தில் நடந்து காட்டும் தண்ணீர்க் கோட்டிலிருந்து அல்ல. பாலியின் பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்த விடுதிகளையும் உணவகங்களையும் 2025 ஜூலையில் அரசே இடித்தது. "எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்பது அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. வயல் என்றால் அது பாதுகாக்கப்பட்ட நெல்வயல் பட்டியலில் இருக்கிறதா என்று வட்டார நிலப்பயன் திட்டத்தில் பாருங்கள். இருந்தால் கட்டட அனுமதி கிடைக்காது.

குடியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கு லொம்போக் வறண்ட பகுதி. மழைக்காலத்தில் கிணற்றைக் காட்டி விற்பார்கள். நீங்கள் செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பாருங்கள். கரையோரக் கிணற்றில் அப்போது உப்பு ஏறிவிடும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். 1,000க்கு மேல் காட்டினால் குடிக்க உதவாது. லாரித் தண்ணீர்ச் செலவைக் கணக்கில் சேருங்கள். மின்சாரம் நிலத்துக்கே தனி மீட்டரில் வருகிறதா, பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். வழி அரசுச் சாலையா, யாருடைய தோப்புக்குள்ளோ போகும் பாதையா? தோப்புக்காரர் நாளைக்கு வேலி போட்டால் உங்கள் நிலத்துக்கு வாசலே இருக்காது. 2018 ஆகஸ்ட் 5 நிலநடுக்கத்தில் வடக்கு லொம்போக்கில் ஏராளமான வீடுகள் விழுந்தன. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1977இல் சும்பா அருகே வந்த நிலநடுக்கத்தின் சுனாமி இந்தத் தெற்குக் கரையைத் தாக்கியிருக்கிறது. கம்பி கட்டாத செங்கல் சுவர் வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

சட்டப்படி வழி இருக்கிறது. குடியிருப்புக்கு வெளிநாட்டவர் 'ஹாக் பக்காய்' எனப்படும் பயன்பாட்டு உரிமையை வாங்கலாம்: 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30. மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலையும் 2,000 சதுர மீட்டர் உச்சவரம்பும் உண்டு. தொழில் நடத்துவதென்றால் அந்நிய முதலீட்டுக் கம்பெனி வேண்டும். பொதுவாக நிலமும் கட்டடமும் போக 10 பில்லியன் ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். ஆகவே பலருக்கும் ஒத்துவருவது குத்தகைதான். அதையும் கவனமாக எழுதுங்கள்.

நோட்டரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் நோட்டரி வேண்டாம். சான்றிதழில் வில்லங்கம் இருக்கிறதா என்று நில அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம். நிலத்துக்காரரின் மனைவி அல்லது கணவரும், பரம்பரை நிலமானால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வேலைக்கு வெளியூர் போன தம்பியும் அதில் அடக்கம். அவர் திரும்பி வந்துதான் பிரச்சினை கிளம்பும். ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருந்தே ஆக வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒப்பந்தங்களைக் கோர்ட்டே செல்லாது என்றிருக்கிறது. நீட்டிப்புக் காலத்துக்கான தொகையை, அல்லது அதைக் கணக்கிடும் முறையை, இப்போதே எண்ணில் எழுதுங்கள். "அன்றைய சந்தை விலை" என்று விட்டால், 25 ஆண்டுக் குத்தகை முடியும்போது நீங்கள் கட்டிய வீட்டுக்கும் சேர்த்து உங்களிடமே விலை கேட்பார்கள். குத்தகை வருமானத்தின் மீதான 10 சதவீத வரியை யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பேசாமல் விட்டால் பணம் கைமாறும் அன்று காலையில் அது உங்கள் தலையில் வந்து விழும்.