இடைநிலை நுண்பொருளியல் ஆன்லைன் கோர்ஸ்: வகையீடு தெரிந்தால் சேருங்கள்

திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஆன்லைன் பல்கலைக்கழகப் பாடம் தாராளமாக ஒத்துவரும், ஆனால் பகுதி வகையீடு (பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் கால்குலஸ் கணக்கு) கைவராதவர்கள் ஆரம்பத்திலேயே திணறிப்போவார்கள். விலை ஏறும்போது வேறு பொருளுக்கு மாறுவதால் வரும் பதிலீட்டு விளைவு எவ்வளவு, கைப்பணத்தின் வாங்கும் சக்தி குறைவதால் வரும் வருமான விளைவு எவ்வளவு என்று பிரிக்கும் ஸ்லட்ஸ்கி சமன்பாட்டைப் படம் போட்டு நிதானமாகச் சொல்லித்தருகிறார்கள். அருமை. அப்புறம் பிரெஞ்சு அறிஞர் கூர்நோ 1838இல் எழுதிய இரு நிறுவனப் போட்டி: இரண்டு பேரும் உற்பத்தி அளவை வைத்து மோதினால் லாபம் கொஞ்சம் மிஞ்சும், அதே சரக்கு, அதே செலவு என்று வைத்து இன்னொரு பிரெஞ்சு அறிஞர் பெர்ட்ரான்ட் சொன்னபடி விலையில் மோதவிட்டால் லாபம் பூஜ்யம். ஜாப் ஒர்க் கூலிக்குப் பேரம் பேசியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உதாரணமெல்லாம் பீட்சா, காபி என்றே ஓடுகிறது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தை வைத்து ஒரு கணக்காவது போட்டிருக்கலாம். சந்தேகம் கேட்டால் பதில் வர நாள்கணக்கில் ஆகிறது, பரீட்சை நேரத்தில் அது பெரிய கடுப்புங்க.