பல ஆசை உள்ளவருக்கு எந்த வழி தோது?

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். நாலு விஷயத்தில் நிஜமாகவே பிடிப்புள்ள எத்தனையோ பேர் இந்தப் பழமொழிக்குப் பயந்தே மூன்றைப் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பில், பிடித்ததையெல்லாம் செய், காசு பின்னாலேயே வரும் என்று மைக் பிடிப்பவர்கள். இரு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் ஆசைகளில் வீட்டு வாடகையைச் சுமக்கக்கூடியது எது? அந்தச் சுமையை எதன் தலையில் ஏற்றவே கூடாது?

இதற்குப் பதில் தெரிந்தால் பாக்கி எல்லாம் ஏற்பாடுதான். நடைமுறையில் நாலு ஏற்பாடுகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு வேறொன்று. இரண்டு மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் பார்ப்பது. ஆசைகளைக் கலந்து ஒரே தொழிலாக்குவது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. நாலையும் சமமாகப் பாராட்டிவிட்டு நழுவப் போவதில்லை. இதில் எனக்குக் கட்சி உண்டு.

சம்பளம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம்

என் கட்சி இதுதான். துணிச்சல் இல்லாதவர்களின் வழி என்று இதற்கொரு கெட்ட பெயர் இருக்கிறது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பலர் முதல் போட்டு நஷ்டப்படாதவர்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலோப் தபால் துறையில் அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிட்டுக் காபி கொடுப்பதற்கென்றே ஒரு வேலையாளுக்கு வருடம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்கு. எட்டரைக்கு எழுத்து முடிந்தது. பிறகு வழக்கமான நாள். 1867இல் வேலையை விடுவதற்குள் பெயர்பெற்ற நாவலாசிரியராகிவிட்டிருந்தார். அவர் இறந்தபின் 1883இல் வெளியான சுயசரிதையில் இந்தக் கணக்கெல்லாம் தெரியவந்தபோது, கலையை இப்படியா மணி பார்த்துச் செய்வது என்று பலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்கள் எவ்வளவு எழுதினார்களோ தெரியாது.

வாலஸ் ஸ்டீவன்ஸ் 1955இல் கவிதைக்குப் புலிட்சர் பரிசு வாங்கியபோதும் காப்பீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவராகத்தான் இருந்தார். நம் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. இவர்கள் யாரும் வீட்டு வாடகையை எழுத்தின் தலையில் ஏற்றவில்லை. அடுத்த கதை விற்காவிட்டால் அடுத்த மாதம் என்ன ஆகும் என்ற பயம் இல்லாமல் எழுத முடிந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தொழில் தொடங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். ஜோசஃப் ரஃபீ, ஜீ ஃபெங் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை வைத்துச் செய்தது. வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி அப்புறம் முழுநேரமானவர்களுக்கு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட, தொழிலைக் கைவிடும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு. காரணம் எளிது. இது ஓடுமா ஓடாதா என்று சம்பளம் வரும்போதே தெரிந்துகொள்கிறார்கள். ஓடாது என்றால் சத்தமில்லாமல் மூடிவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் பரதீன் வேதியியல் பேராசிரியர். 1869இல் தொடங்கிய ஓபராவை 1887இல் சாகும்வரை முடிக்கவில்லை. சக இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும்தான் முடித்துக் கொடுத்தார்கள். காய்ச்சலில் படுத்தால் மட்டுமே வகுப்புக்குப் போகாமல் இசை எழுத நேரம் கிடைத்தது என்பதால், இசை நண்பர்கள் தனக்கு நோய் வரவேண்டும் என்று வாழ்த்துவதாக அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். சம்பள வேலை மெதுவாக ஊதிப் பெருகும். பதவி உயர்வு ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதைத் தின்னும்.

ஆகவே எந்த வேலை என்பதில்தான் சூட்சுமம். ஆசை எழுதுவதில் இருந்தால், நாள் முழுக்க விளம்பர வாசகம் எழுதும் வேலை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இரவு வீட்டுக்கு வரும்போது வார்த்தை தீர்ந்திருக்கும். அதற்குக் கணக்கு, ஆய்வகம், கிடங்கு நிர்வாகம், எதுவானாலும் மேல். உடலால் ஆடுகிறவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. உட்கார்ந்து வரைகிறவருக்கு நாலு பேரோடு நின்று பேசும் வேலை. இன்னொன்று, கையெழுத்துப் போடுமுன் பணி ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகளைத் தேடுங்கள்: வெளி வேலைக்கு அனுமதி வேண்டுமா என்பது, வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் யாருக்குச் சொந்தம் என்பது. இரண்டாவது ஷரத்து, அலுவலக நேரத்துக்கு வெளியே சொந்தக் கணினியில் செய்த செயலிக்கும் பாயுமாறு எழுதப்பட்டிருப்பதுண்டு. மென்பொருள்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் மூன்று

இதன் கவர்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலதிகாரி கிடையாது, சலிப்பு கிடையாது. ஒரு நாளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி. காலையில் மொழிபெயர்ப்பு. பாதிப் பத்தியில் போன்: போன வாரம் எடுத்த படங்களில் இருபதை மறுபடி வெளிச்சம் கூட்டித் தர முடியுமா? திரும்பி வந்தால் மொழிபெயர்ப்பில் எந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பது மறந்திருக்கும். மாலை ஆன்லைனில் கிடார் வகுப்பு. மாணவர் ஐந்து நிமிடம் முன்னால் ரத்து செய்கிறார். இரவு பத்துக்கு மேல் பில் போடுவது, விலைப்புள்ளி அனுப்புவது, இரண்டு மாதமாக இழுத்தடிப்பவருக்கு மூன்றாவது நினைவூட்டல், அதுவும் உறவு கெடாத தொனியில். இந்த இரவு வேலைக்கு யாரும் காசு தருவதில்லை.

ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மனசின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். முடிக்காமல் விட்டுவந்த வேலை என்றால் இன்னும் மோசம். சம்பள வழியில் இந்தத் தாவல் நாளுக்கு ஒரு தடவை. மூன்று தொழில்காரருக்கு மணிக்கு ஒரு தடவை. நாளை மணியாக வெட்டாமல் வாரத்தை நாளாக வெட்டினால் கொஞ்சம் தணியும்: இரண்டு நாள் முழுக்க மொழிபெயர்ப்பு, ஒரு நாள் முழுக்கப் படம்.

ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பெரிய சாதகம். பாதிதான் உண்மை. யோகா வகுப்பு, விழாப் புகைப்படம், மேடை நிகழ்ச்சித் தொகுப்பு என்று மூன்று வைத்திருந்தவருக்கு 2020இல் மூன்றும் ஒரே வாரத்தில் படுத்தன. மூன்றுக்கும் ஆட்கள் ஒரு இடத்தில் கூட வேண்டுமே. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வருமானங்கள் சேர்ந்து விழுமா என்று பாருங்கள். அதோடு, மாத வருமானத்தைக் காசு வராத நேரத்தையும் சேர்த்து மொத்த மணிநேரத்தால் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைப் பார்த்துப் பலர் சம்பள வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள் என்பது என் ஊகம்.

இந்த வழியில் கம்பீரமாக இருந்தவர் என்றால் எனக்கு ஃபிலிப் கிளாஸ்தான். இசையமைத்துக்கொண்டே குழாய் வேலையும் பார்த்தார், டாக்ஸியும் ஓட்டினார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பார்த்துத் திகைத்தார். அவர் டைம் பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். நீங்கள் கலைஞராயிற்றே என்றவரிடம், கலைஞன்தான், சில சமயம் குழாய் வேலைக்காரனும்கூட, வேலையை முடிக்கவிடுங்கள் என்றாராம். 1976இல் கிளாஸின் ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் கூட்டம் நிறைந்து நடந்தது. அதற்கப்புறமும் டாக்ஸிக்குத் திரும்பினார். ஒன்றைக் கவனியுங்கள்: அவர் விற்ற மற்ற வேலைகள் எதுவும் அவருடைய ஆசை இல்லை. அப்படிப் பார்த்தால் அவரும் என் கட்சிதான்.

கலந்து ஒன்றாக்குவது

கேட்க மிக இனிமையாக இருப்பது இதுதான். ஓவியமும் பிடிக்கும் அறிவியலும் பிடிக்குமா, இரண்டையும் சேர். சரியாக அமைந்தால் இதற்கு இணையில்லை. ஸ்பெயினின் நரம்பியல் அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹாலுக்குச் சிறுவயதில் ஓவியராக ஆசை. உடற்கூறு கற்பித்த அப்பா மருத்துவத்துக்குத் தள்ளினார். நுண்ணோக்கியில் பார்த்த நரம்பு செல்களை அவர் கையால் வரைந்த படங்கள் இன்றும் பாடநூல்களில் வருகின்றன, 1906இல் நோபல். மரியா சிபில்லா மெரியன் ஓவியக் குடும்பத்தில் வளர்ந்து, புழு பட்டாம்பூச்சியாவதைக் கவனித்துக் கவனித்து வரைந்தவர். பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே 1699இல் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். அவர் வரைந்ததால்தான் கவனித்தார், கவனித்ததால்தான் வரைந்தார். எது தொழில், எது ஆசை என்று பிரிக்க வராது.

ஆனால் கஹால் உட்கார்ந்து யோசித்து இரண்டையும் கலக்கவில்லை. வேலை கேட்டது, கை தயாராக இருந்தது. திட்டம் போட்டுக் கலப்பவர்களுக்கு இரண்டு சிக்கல். இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும் என்று காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் குறைவு. மருத்துவப் படம் வரைவது, சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது, தரவு இதழியல் மாதிரி ஏற்கெனவே பெயரும் கூலியும் உள்ள கலவை என்றால் நம்பி இறங்கலாம். பெயரே இல்லாத கலவைக்கு நீங்களே சந்தையையும் உண்டாக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று. வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். எல்லா ஆசைக்கும் இப்படி ஆகும் என்றில்லை. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆனால் சம்பள வழியில் வேலை கசந்தால் ஆசை மிஞ்சும். மூன்று வேலைகளில் ஒன்று கசந்தால் இரண்டு மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே தொழிலில் போட்டவருக்கு அது கசக்கும் நாளில் ஒதுங்க இடமிருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாலு வழிகளில் இதற்குக் கடைசி இடம் தருகிறேன்.

ஒன்றன்பின் ஒன்று

இதற்கு நம்மிடையே கிடைக்கவேண்டிய மரியாதை கிடைப்பதில்லை. வேலை மாறினால் நிலையில்லாதவன் என்கிறோம். ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் முப்பது வயதுவரை இறையியலுக்கும் இசைக்கும், அதற்கப்புறம் மக்கள் சேவைக்கு என்று இருபத்தொரு வயதிலேயே முடிவு செய்தார். சொன்னபடி 1905இல் மருத்துவம் படிக்கப் போனார், 1913இல் ஆப்பிரிக்காவில் லம்பரேனே போய்ச் சேர்ந்தார். பழைய ஆசை வீணாகவில்லை. மருத்துவமனைக்குப் பணம் திரட்டியதில் அவருடைய ஆர்கன் கச்சேரிகளுக்குப் பங்குண்டு. குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1970இல் தொடங்கிய வானியற்பியல் முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டுக் கிடார் பக்கம் போனார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து 2007இல் முடித்தார்.

இதன் விலை ஒன்றுதான், ஆனால் கனமானது: ஒவ்வொரு தடவையும் கற்றுக்குட்டிச் சம்பளம். வீட்டுக்கடனும் சிறு குழந்தைகளும் உள்ளவருக்கு நாற்பதில் அது எளிதில்லை. ஆழம் என்று பார்த்தால் நாலு வழிகளில் இதுதான் முந்தும். ஒரு சமயத்தில் ஒன்றுதானே. வரிசையை மட்டும் உடம்பைக் கேட்டு வையுங்கள். நடனமும் விளையாட்டும் காத்திருக்காது. எழுத்து, ஆராய்ச்சி, கற்பித்தல் எல்லாம் காத்திருக்கும், சிலருக்கு வயதானால் கூடவும் செய்யும்.

அப்படியானால் யாருக்கு எது? குடும்பம் உங்கள் ஒரு வருமானத்தில் ஓடினால் முதல் வழி, யோசிக்கவே வேண்டாம். ஆறு மாதச் செலவு கையில் இருந்து, உங்கள் ஆசைகளில் ஒன்றாவது ஏற்கெனவே தெரியாதவர்களிடம் காசு வாங்கியிருந்தால் இரண்டாவதைத் தொட்டுப் பார்க்கலாம். நண்பர்கள் கொடுத்த காசு கணக்கில் வராது. எதிலும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஒட்டாத சுபாவம் என்றால் நாலாவது; உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்ததற்கான சேமிப்பைத் தொடங்குங்கள். மூன்றாவதைத் தேடிப் போக வேண்டாம். வந்தால் விடவும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ரெஸ்யூமே ஒரு தலைவலி. எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டினால் படிப்பவருக்கு மூன்று அரைகுறை ஆட்கள் தெரிவார்கள். ஆளுக்கேற்பத் தனித்தனியாக எழுதுங்கள்; பொய் வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். லியோனார்டோ டா வின்சி சுமார் 1482இல் மிலானின் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய வேலை விண்ணப்பத்தின் வரைவு கிடைத்திருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, சுரங்கப் பாதை, கவச வண்டி என்று எண் போட்டு அடுக்குகிறார். போர்க் கவலையில் இருந்தவருக்கு அதுதானே வேண்டும்? தனக்கு ஓவியமும் வரும் என்பதைக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் சொல்கிறார். அதே ஸ்ஃபோர்ஸாதான் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இயேசுவின் கடைசி விருந்தை வரையச் சொன்னார்.