ரா பவர்: போவி மிக்ஸா, இக்கி மிக்ஸா?

அமெரிக்க ராக் குழு தி ஸ்டூஜஸின் 'ரா பவர்' ஆல்பம் 1973-ல் வந்தபோது சீந்துவாரில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 182-ஆம் இடத்தைத் தாண்டவில்லை; அடுத்த வருடமே குழுவும் கலைந்தது. பிறகு பங்க் ராக் பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நிர்வாணா பாடகர் கர்ட் கோபேனுக்கு உயிர். இப்போது கேட்க வருபவருக்கு ஒரே குழப்பம்: பாடகர் டேவிட் போவி செய்த பழைய மிக்ஸா (குரலையும் வாத்தியங்களையும் ஏற்றி இறக்கிக் கலப்பதுதான் மிக்ஸ்), 1997-ல் குழுவின் பாடகர் இக்கி பாப்பே மறுபடி செய்ததா?

ஒலி
போவி: ட்ரம்ஸும் பேஸும் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் அமுங்கிக் கிடக்கும். திடீரென குழுவின் கிதார்காரர் வில்லியம்சனின் கிதார் காதருகே கத்தி தீட்டும். போவியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கு வந்ததே பாதி வெந்த சோறு. மற்ற வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ட்ராக்கில் (தனிப் பதிவில்), லீட் கிதார் ஒன்றில், குரல் ஒன்றில். எதை ஏற்ற, எதை இறக்க?
இக்கி: எல்லாமே முன்னால். ஆஷ்டன் சகோதரர்களின் பேஸும் ட்ரம்ஸும் கடைசியில் காதில் விழுகின்றன.

காதுக்கு
போவி: முழு ஆல்பமும் ஒரே மூச்சில் கேட்கலாம், 34 நிமிடம்தான்.
இக்கி: மிக அதிகச் சத்தமான சிடிகளில் ஒன்று. ஹெட்போனில் நான்காவது பாட்டுக்குள் எனக்குத் தலைவலி.

கிடைப்பது
2010 மறுவெளியீட்டில் போவி மிக்ஸ் சுத்தமாக வந்தது. ஸ்ட்ரீமிங்கில் யார் மிக்ஸ் என்று பெயரைப் பார்த்து அழுத்துங்கள்.

புதிதாக வருபவருக்கும் ஹெட்போன்காரருக்கும் போவி. ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு, பெரிய ஸ்பீக்கரும் பொறுமையான அக்கம்பக்கமும் உள்ளவருக்கு இக்கி. என் ஓட்டு போவிக்கு, அந்தக் கோணல் கிதாருக்காகவே.