மூணு தடவை எழுப்பினால் எழுந்திருக்கும் கம்ப்யூட்டர்

சித்திரைத் திருவிழாவுக்காக டொராண்டோவில் இருந்து மதுரைக்கு வந்த மறுநாள் காலை, அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. "அவசரப்படாதே, மூணு தடவை எழுப்பணும்" என்றார் அப்பா. நாலாவது தடவைதான் எழுந்தது. கறுப்புத் திரையில் எஃப்1 அமுக்கச் சொன்னது. தேதி 2012 ஜனவரி 1. பேங்க் பக்கம் திறக்கவில்லை என்று அப்பா மாதக்கணக்கில் பேங்கைத் திட்டிக்கொண்டு, பாஸ்புக்கோடு பஸ் ஏறியிருக்கிறார். தேதி அவ்வளவு பின்னால் கிடந்தால் பிரவுசர் எந்தப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் ஏற்காது. பாவம் பேங்க்.

முதலில் போன கடை பெரியது. ஏசி, டோக்கன் எல்லாம் உண்டு. கவுண்டரில் இருந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போயிருச்சு சார்." போர்டை மாற்றினால் பழைய டிடிஆர்3 வகை ராம் (மெமரி) புதியதில் உட்காராது, பிராசஸரும் பொருந்தாது, ஆகவே மொத்தம் 18,000 ரூபாய். நான் வாசலுக்கு வருவதற்குள் அது 15,000 ஆகிவிட்டது.

சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் சிம்மக்கல் போனேன். ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே கடை. "அழகர் ஆத்துல இறங்குறப்ப இந்தப் பக்கம் வண்டியே வராதுண்ணே, இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றார் கடைக்காரத் தம்பி. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "ஒரு தடவை ஆன் ஆயிட்டா நாள் பூரா ஓடுதா?" ஓடும் என்றேன். "அப்ப கோளாறு போர்டுல இல்ல."

உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு. புளோயரில் ஊதினார். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். பலன் இல்லை. மீட்டரை மஞ்சள் வயரில் வைத்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடம், 11.4க்குக் கீழே போகக் கூடாது. 10.9 காட்டிவிட்டு விழுந்தது. கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர்; தன்னுடையது ஒன்றை மேஜையிலேயே வைத்து இணைத்தார். ஒரே அமுக்கில் எழுந்தது.

பழையதைத் திறந்து காட்டினார். கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் வற்றிப்போனால் குளிர்ந்த நிலையில் சரியாக வேலை செய்யாது. இரண்டு மூன்று முயற்சியில் கொஞ்சம் சூடேறியதும் பிழைத்துக்கொள்ளும். அப்பாவின் 'மூணு தடவை'க்கு அர்த்தம் அதுதான். இதை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கலாம்.

"அய்யா ராத்திரி சுவிட்ச் போர்டுலயே அமத்திருவாரா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில் அது நித்திய பூஜை மாதிரி. அப்படி அமத்தினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் முழுக்க முழுக்க அந்தச் சின்ன சிஆர்2032 பேட்டரியை நம்பித்தான் ஓடும். 3 வோல்ட் பேட்டரி 2.1க்கு இறங்கிக் கிடந்தது. மாற்றினார், தேதியையும் சரி செய்தார்.

எஸ்எம்பிஎஸ் 950, பேட்டரி 40, கூலி 200. ஆக 1,190 ரூபாய். டொராண்டோவில் மூடியைத் திறந்து பார்க்கவே இதைவிட அதிகம் கேட்பார்கள். வாரண்டி ஒரு வருஷம் என்றதால் பில் கேட்டேன். மார்க்கரை எடுத்துப் புது எஸ்எம்பிஎஸ் மேலேயே தேதியை எழுதி, மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினார்.

"பில்லு உள்ள இருக்குண்ணே."