உற்பத்தியாளர் சங்கத்தில் கொள்கை அலுவலர் வேலை: பதவி பெரிசு, சம்பளம் சின்னன்

யாழ்ப்பாணத்தில் ஒரு உற்பத்தியாளர் சங்கத்தில் வேலை பார்த்த அனுபவம் இது, பேர் வேண்டாம். அங்கத்தவர்களுக்காக அரசாங்கத்தோடு பேசுவதுதான் வேலை: கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம், அமைச்சுக்கு மகஜர், மின்கட்டணம் கூட்டப்போகிறார்கள் என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கருத்து, பிறகு ஐஸ் தொழிற்சாலைக்காரரின் கரண்ட் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நேரில் வாதாட்டம். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பகுதி நல்லாவே இருக்கும்.

சம்பளம்தான் கரைச்சல். அடிப்படையைக் குறைத்துவிட்டு மிச்சத்தைப் போக்குவரத்துப் படி என்று போடுகிறார்கள், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவர்கள் கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ETF) 3 வீதமும் அந்தச் சின்ன அடிப்படைக்குத்தான். கடை, காரியாலயச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று இருக்கிறது, ஆனால் இரவு பஸ்ஸில் ஏறி, விடிய கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கி முகம் கழுவி, அமைச்சில் காத்திருந்து, அன்றிரவே திரும்பி வருவதை ஒருத்தரும் வேலை நேரமாக எண்ணுவதில்லை. ஓவர்டைம் கேட்டால் “தம்பி, இது சேவை” என்பார்கள். (தலைவரின் வாகனத்துக்கு மட்டும் டீசல் காசு நாள் தவறாமல் போகும்.)

லீவு பரவாயில்லை. சேருவதென்றால் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, கொழும்புப் பயணத்துக்கு ஈடாக லீவு உண்டா என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.