டிராக்குக்காக வீட்டிலேயே மாற்றிய கார்: சில சீசன்கள் ஓட்டிய பிறகு

புதுப் பாகம் மாட்டிய வாரத்தில் கேட்டால் எல்லாமே பிரமாதம் என்றுதான் தோன்றும். அதன் யோக்கியதை இரண்டு சீசன் சூட்டில் வெந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

என்னுடையது சாதாரண 1.6 லிட்டர் ஹேட்ச்பேக். முன்சக்கர டிரைவ், டர்போ கிடையாது. வீட்டு ஷெட்டில் ஸ்பேனர் செட், நல்ல ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, ஒரு டார்க் ரெஞ்ச், இவற்றை வைத்துத்தான் பெரும்பாலான வேலை நடந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், காருக்கு எதிரி சூடு. குதிரைத்திறன் போதவில்லை என்று யாரும் பாதியில் பிட்டுக்குத் திரும்புவதில்லை. பிரேக் கொதித்து, ஆயில் காய்ந்து, டயர் வழுக்கத் தொடங்கித்தான் திரும்புகிறார்கள். நான் செய்த மாற்றங்களில் சூட்டைச் சமாளிக்கச் செய்தவை எல்லாம் இன்றும் காரில் இருக்கின்றன. மற்றவற்றில் பாதி கழன்று அலமாரிக்குப் போய்விட்டன.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன், என் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதையும் 160-ல் நிறுத்துவதையும் டிஸ்க் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. சாலையில் ஒருமுறை அழுத்திப் பிடித்தால் ஆறுவதற்கு நிறைய நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு வருவதற்குள் ஆறியாக வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது பிரேக் ஆயில். இதன் தரக் குறியீடு டாட். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே எண்கள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். அதனால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. பந்தயத்துக்கென்றே வரும் டாட் 4 ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்குகின்றன. நான் அதைத்தான் ஊற்றுகிறேன். சீசன் தொடங்கும்போது முழுதாக மாற்றுவேன், ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் கொஞ்சம் ஏர் எடுப்பேன். டாட் 5 என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்காது.

ஏர் எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் நிம்மதி. தம்பி மிதியில் உட்காருவான், நான் சக்கரத்தடியில். "அமுக்கு, பிடி... சரி, விடு." நிப்பிளைத் திறந்ததும் தெளிவான டியூபில் பழைய ஆயில் பழுப்பாக வரும், பிறகு புது ஆயிலின் வெளிர் மஞ்சள் தெரியும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால், ஒட்டிக்கொண்டிருக்கும் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் கழன்று டியூபில் ஏறும். அந்தக் கடைசிக் குமிழ்கள் போன பிறகு மிதியில் கிடைக்கும் கெட்டித்தன்மையே வேறு.

அடுத்தது டிஸ்க்கைக் கவ்வும் பேட். சாலைக்கான பேட் குளிரிலேயே கவ்வும், சூடு ஏறினால் வழுக்கிவிடும். டிராக் பேட் இதற்கு நேர் எதிர். முதல் சுற்றில் பிடிக்கவே தயங்கும், சூடேறிய பிறகு அசராது. இதைப் போட்டுக்கொண்டு தினசரி ஓட்டத்துக்குப் போனால் கிறீச் சத்தமும், சக்கரத்தில் துருப்பிடிக்கும் கருந்தூசும்தான் மிச்சம். காலையில் முதல் சிக்னலில் கார் நிற்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் முந்தின நாள் மாலை டிராக் பேட், வீட்டுக்கு வந்ததும் சாலை பேட் என்று மாற்றிக்கொள்கிறேன். மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக்கப்படுத்த வேண்டும். டிஸ்க்கின் மேல் அந்தப் பேடின் மெல்லிய படலம் ஒரே சீராக ஏறினால்தான் பிடிப்பும் சீராக இருக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைக்கும் நடுக்கம் பல நேரங்களில் அந்தப் படலம் திட்டுத்திட்டாகப் படிந்ததால்தான்.

நீண்ட நாளில் தெரிந்துகொண்ட இன்னொன்று: பேட் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. கனம் குறையக் குறைய சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும், மிச்சம் இருக்கும் பாதி முதல் பாதியைவிட வேகமாகக் கரையும். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் நகரும் பின்களுக்குச் சூடு தாங்கும் கிரீஸ் அவசியம். அது வறண்டால் பேட் ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேயும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை வெந்து வெடிக்கும் பாகம், டிராக் சீசன் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. டிராக்கில் விரிசல் அந்தத் துளைகளிலிருந்துதான் கிளம்பும். சாதாரண டிஸ்க் போதும். அதற்குக் காற்று கொண்டுபோவதுதான் முக்கியம். முன் பம்பரிலிருந்து சூடு தாங்கும் ஒரு வளையும் குழாய் போட்டேன். குழாயின் வாயை டிஸ்க்கின் முகத்தில் அடிப்பது போல வைத்தால் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து அதுவே கெடுதலாகிவிடும். நடுவிலுள்ள ஹப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும். உள்ளே இடைவெளி விட்டு வார்த்த டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி வெளி விளிம்பு வழியாக வீசும், நாம் அந்த வழிக்கு உதவினால் போதும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்துத்தான் குழாயைக் கட்ட வேண்டும். இருந்தாலும் குழாய் கிழியும். அது தேய்ந்து போகும் பொருள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜினுக்குள் பெரிதாகக் கை வைக்கவில்லை. ஆயிலின் சூட்டையும் அழுத்தத்தையும் காட்டும் இரண்டு மீட்டர்களை முதலில் போட்டேன். டேஷ்போர்டில் கம்பெனி கொடுக்கும் சிவப்பு விளக்கு எரிவதற்குள் பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். நீண்ட வளைவில் சம்ப்பிலுள்ள (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், முள் சட்டென்று விழும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போட்டதும் ஆயிலை மேல் கோடு வரை வைத்திருப்பதும் அந்த முள்ளை அசையாமல் நிறுத்தின. ஆயில் 130 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிடுவேன். ஆயில் கூலர் மாட்டுகிறவர்கள் தெர்மோஸ்டாட் வைத்த தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண ஓட்டத்தில் ஆயில் சூடேறவே ஏறாது, அதுவும் இன்ஜினுக்குக் கெடுதல்.

டயரில் காற்றழுத்தத்தைக் குளிரில் பார்த்துவிட்டுப் போவது பாதி வேலைதான். ஓட ஓட அழுத்தம் ஏறும், மூன்று நான்கு சுற்றில் 6, 7 பிஎஸ்ஐ ஏறுவது சகஜம். ஓடி வந்த சூட்டோடு அளந்து, நான்கையும் வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றவும் வேண்டும். முன்சக்கர டிரைவ் காரில் முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் உயிரை விடும். திருப்பும்போது கார் சாய, டயர் ஓரத்தில் ஏறி நிற்கிறது. கேம்பர் தகடு போட்டு, முன் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி (இதுதான் மைனஸ் கேம்பர்) மைனஸ் இரண்டரை டிகிரிக்கு மேல் கொண்டுபோன பிறகு தேய்மானம் அகலம் முழுக்கப் பரவியது. பணம் மிச்சமானதோடு வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுவதும் குறைந்தது. அலைன்மென்ட்டை ஷெட்டிலேயே நூல் கட்டிப் பார்க்கிறேன். காரின் இரு பக்கமும் இணையாக நூலைக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு, தெரிந்துவிடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சஸ்பென்ஷனைத் தரையோடு தரையாக இறக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. மேக்ஃபர்சன் வகை முன் சஸ்பென்ஷனில் காரை அதிகம் இறக்கினால், கார் சாயும் அச்சு அதைவிட அதிகமாக இறங்கிவிடும். விளைவாக, தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) வெளிமுனை கிடைமட்டத்துக்கு மேல் போகாத அளவில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் இறக்காததால் நான் எதையும் இழக்கவில்லை.

எடை குறைப்பு எனக்கு மிகவும் பிடித்த வேலை, அது இன்ஜின், பிரேக், டயர் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் உதவுகிறது. பின் சீட், ஸ்டெப்னி, கார்பெட் போன பிறகு தரையில் ஒட்டிய தார்ப்பூச்சு மட்டும் மிஞ்சும். அதன் மேல் உலர்பனியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பரப்பி வைத்தால் மைனஸ் 78 டிகிரிக் குளிரில் விறைத்து, சுத்தியலால் தட்டியதும் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். கனமான கையுறை வேண்டும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பூச்சு போனதும் எக்ஸாஸ்ட்டின் சூடு நேராகக் காலுக்கு வருகிறது. நடுப்பகுதியில் சூடு தடுக்கும் தகடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கெட் சீட் போட்ட நாளிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்காமல் அதைத் திருப்ப மட்டும் முடிகிறது. சுற்று நேரத்தில் வேறு எந்தப் பாகமும் இவ்வளவு வித்தியாசம் காட்டவில்லை. ஆறு முனை பெல்ட்டின் தோள் பட்டை பின்னால் கிட்டத்தட்ட கிடைமட்டமாக, அதிகபட்சம் 20 டிகிரி சரிவில் போக வேண்டும். தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கினார்கள், ஃபார்முலா 1-ல் 2003 முதல் அது கட்டாயம். உடம்பைப் பெல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்போது மோதலில் தலை மட்டும் முன்னால் பாயும், அதைப் பிடித்து நிறுத்துவது இதுதான். அமெச்சூர் ஆட்டத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் மோதும் சுவரும் அதே சுவர்தான். ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் காக்கும் கம்பிக்கூடு, அதன் வெல்டிங் மட்டும் வீட்டில் வேண்டாம், தெரிந்தவர்களிடம் கொடுங்கள். கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டாதீர்கள், சின்ன இடியிலும் மண்டை அந்தக் கம்பியில்தான் போய் மோதும். சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் செல்லாது என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கழற்றியவை. திறந்த ஏர் ஃபில்டர் போனட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே குடித்தது, கம்பெனிப் பெட்டியை மறுபடி மாட்டிவிட்டேன். சத்தம் போடும் எக்ஸாஸ்ட் பல டிராக்குகளின் சத்த வரம்பில் சிக்கும், அதுவும் போயிற்று. பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகப் போட்ட பாலியூரித்தேன் புஷ் கொஞ்ச நாளில் முனக ஆரம்பித்தது. பல கோணத்தில் அசைய வேண்டிய இடத்தில் அது இறுக்கிப் பிடித்தது. இப்போது அங்கே கெட்டியான ரப்பர் புஷ்தான்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் ஒரு சுற்று பிரேக் தொடாமல் ஆறவிடுவேன். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன். அப்புறம் டார்க் ரெஞ்சை எடுத்து வீல் நட் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்ப்பேன். முக்கியமான போல்ட்டுகளில் வண்ணப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். முன் வீல் பேரிங்கையும் கையால் அசைத்துப் பார்ப்பேன். ஒட்டும் டயர் போட்ட பிறகு அது தேய்கிற வேகம் கூடியிருக்கிறது.

மிச்சம் இருப்பது இரு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். குறுகலான வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது, டயரும் கியர் ஆயிலும் காய்கின்றன. இப்படி வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்களில் பிளேட் வகை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிளேட் தேயும், கியர் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். சாய்பல் கியர் வகை கிட்டத்தட்ட தேயாது, ஆனால் உள்சக்கரம் தரையைவிட்டு முழுக்கத் தூக்கினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. என் காரில் சக்கரம் தூக்குவது பின்னால்தான், முன்னால் இரண்டும் தரையிலேயே இருக்கின்றன. அதனால் சாய்பல் வகைதான் வாங்கப்போகிறேன். கியர்பாக்ஸைக் கீழே இறக்கும்போதே கிளட்ச்சையும் மாற்றிவிடுவதாகத் திட்டம்.