பெரிய இலைக்கு எது பொருத்தம்: மான்ஸ்டெராவா, மணி பிளான்ட்டா?

கூடத்தின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சை வேண்டும் என்று நர்சரிக்குப் போகிறவர்களின் கை முதலில் நீள்வது மான்ஸ்டெரா டெலிசியோசாவின் பக்கம்தான். படத்தில் பார்த்தது முறம் அகலத்துக்கு, ஓட்டையும் கிழிசலுமான இலை. வீட்டுக்கு வருவதோ இதய வடிவில், ஓட்டையே இல்லாத நாலு சின்ன இலைகள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இளஞ்செடி அப்படித்தான் இருக்கும்.

இதற்கு நேர்ப் போட்டி, கடையில் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் மணி பிளான்ட். மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளுக்குரியது. மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக்கில் உள்ள மூரியா தீவு. இரண்டும் சேம்புக் குடும்பம். இரண்டும் மரமேறிகள், ஏற ஏற இலை பெருக்கும். மணி பிளான்ட்டைத் தொங்கவிட்டால் ஆயுசுக்கும் சின்ன இலைதான். அதே கொடியைத் தென்னையில் ஏற்றிவிட்டால், சில ஆண்டுகளில் கை நீளத்துக்கு இலை விட்டு, ஓரங்களில் கிழிந்தும் கொள்ளும். அதைப் பார்த்து ‘மான்ஸ்டெரா’ என்று சொல்லிப்போகிறவர்கள் நிறைய. இலையில் மஞ்சள் தெறிப்பு இருந்தால் மணி பிளான்ட். முதிர்ந்த மான்ஸ்டெராவில் நடுநரம்பை ஒட்டிச் சிறு ஓட்டைகள் இருக்கும். காம்பும் இலையும் சேருமிடத்தில் தோல் சுருக்கம் சுருக்கமாக அலைந்திருக்கும்.

என் தீர்ப்பு இது: வீட்டைச் சுற்றி மண்ணும் ஒரு மரமும் இருந்தால் மான்ஸ்டெராவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் இரண்டு கணு உள்ள மணி பிளான்ட் தண்டைக் கேட்டு வாங்கி மரத்தடியில் ஊன்றினால் போதும். அடுக்குமாடி வீட்டுக்குள் என்றால் மான்ஸ்டெராதான். அறைக்குள் கம்பு நட்டு ஏற்றினாலும் மணி பிளான்ட் இலை கிழியும் அளவுக்கு முதிர்வது அபூர்வம். மான்ஸ்டெரா தொட்டியிலேயே கிழிந்த இலை தந்துவிடும்.

மணி பிளான்ட்டிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கண்டியின் உடவத்தகெலே காட்டில் அது தரையையும் மரங்களையும் மூடிப் பரவிக் கிடக்கிறது. வெட்டிய கொடியைத் தோப்பிலோ ஏரிக்கரையிலோ வீசாதீர்கள்.

மான்ஸ்டெராவில் பலர் கோட்டை விடுவது கம்பில்தான். தென்னை நார் சுற்றிய கம்பை நட்டுவிட்டு அதை நனைக்கவே மாட்டார்கள். காய்ந்த நாரில் காற்றுவேர் ஒட்டாது. தினமும் கம்பின் மேல் தண்ணீர் தெளித்தால் வேர் உள்ளே புகும். அடுத்து வரும் இலைகள் பெரிதாகும். தொட்டிக்கு வெறும் செம்மண் ஆகாது, இறுகிவிடும். பாதிக்கு மேல் கழுவிய தென்னை நார்க்கழிவும் பட்டைத் துண்டுகளும், மீதி மண்ணும் மண்புழு உரமும். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலையோரம் பழுப்பேறும். மழைநீர் பிடித்து வையுங்கள். கத்திரி வெயிலில் மேற்கு ஜன்னல் கூடவே கூடாது, இலை வெந்துபோகும். காம்பிடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

போர்ட்டிகோ அகலமாக இருந்தால் பிலோடென்ட்ரான் செல்லோமையும் பார்க்கலாம். தாவரவியலாளர்கள் 2018இல் அதைத் தௌமடோபில்லம் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரியில் பழைய பெயர்தான் செல்லும். இது தானே நிற்கும், கம்பு வேண்டாம், ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விரியும். நடைபாதையில் வைத்தால் வருகிறவர் போகிறவரையெல்லாம் உரசும். இதன் பூங்கொத்து வண்டுகளை வரவழைக்கத் தானே சூடாகி, 40 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். வீட்டுத் தொட்டியில் அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சேம்பு போலவே இருக்கும் பெரிய இலை அலோகேசியாவை வீட்டுக்குள் வைக்க நான் சொல்லமாட்டேன். இரவில் இலைநுனியிலிருந்து நீர் சொட்டித் தரை நனையும். குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்திப்பேன் வந்துவிடும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரமும் அரைநிழலும் கிடைத்தால் பிரமாதமாக வரும். சேப்பங்கிழங்கு என்று நினைத்து இதைக் குழம்பில் போட்டுவிடக் கூடாது.

நான்கிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், சாறு பட்டால் தோல் நமைக்கும். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெட்டும்போது கையுறை போட வேண்டும். மான்ஸ்டெராவின் பழம் மட்டும், மேல்செதில்கள் தாமாக உதிரும் அளவுக்குப் பழுத்தபின் தின்னலாம். அது பழுக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும். தொட்டிச்செடியில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.